அல்டெமார் அரசனின் செருப்பு

குமாசி நகரில் உலக நாடக மொழிபெயர்ப்பு உயர்மன்றம் என்று ஒன்று உண்டு. தொடங்கிய நாள் முதல் அது ஒரு நாடகத்தையும் மொழிபெயர்த்ததில்லை, மேடையேற்றியதும் இல்லை. கூட்டம் போட்டது. கூட்டம் போடுவதில் அதை அடித்துக்கொள்ள கானா முழுக்கத் தேடினாலும் ஆள் கிடையாது.

முதலில் மூதாதையருக்கு ஜின் மது ஊற்றுவார்கள். மூதாதையருக்குத் தரையில் ஒரு சொட்டு, உறுப்பினர்களுக்கு ஆளுக்கொரு கோப்பை. பிறகு உள்ளே வருகிற ஒவ்வொருவரும் வலப்பக்கத்திலிருந்து வரிசையாக எல்லோருக்கும் கைகொடுத்து வர வேண்டும். யாரையாவது விட்டுவிட்டால் அவரை ஆளாகவே மதிக்கவில்லை என்று அர்த்தம். அதனால் ஒருவர் தாமதமாக வந்தாலும் மறுபடி ஒரு சுற்று கைகுலுக்கல் நடக்கும். அது முடியும்போது இன்னொருவர் தாமதமாக வருவார். இதெல்லாம் ஓய்ந்தபின் "சகல மரியாதைகளும் முறைப்படி செலுத்தப்பட்டன" என்று செயலாளர் அறிவிப்பார். அதற்குள் கோழியும் சோறும் வந்துவிடும். நிகழ்ச்சி நிரலில் இரண்டே விஷயம் இருந்தாலும் சாப்பாட்டுக்குப் பெயர் 'பதின்மூன்றாவது அம்சம்'தான். உயர்மன்றம் இதுநாள்வரை ஒருமுறைகூடத் தள்ளிவைக்காத அம்சம் அது ஒன்றே.

இயக்குநர் டாக்டர் டான்சோ. அவருடைய பதவிக்காலம் எப்போதோ முடிந்துபோனது. அடுத்தவரைத் தேர்ந்தெடுக்கும்வரை தற்காலிகப் பொறுப்பு என்று உட்கார்ந்தார். தேர்ந்தெடுக்கும் குழுவுக்கும் அவரே தலைவர். தகுதியான ஆள் கிடைக்கவில்லை என்று வருடாவருடம் கனத்த மனதோடு அறிவிப்பார்.

இளமையில் ஐரோப்பாவில் படித்தபோது அவருக்கு இரண்டு விஷயங்கள் ஒட்டிக்கொண்டன. ஒன்று டாக்டர் பட்டம், இன்னொன்று கூர்மூக்கு ஷூ. பட்டம் அப்படியே இருந்தது. கால்தான் பதவியோடு சேர்ந்து வீங்கிக்கொண்டே போனது. ஆனாலும் அவர் ஷூவின் அளவை மாற்றவில்லை. கொள்கை என்றார். கூட்டம் தொடங்கியதும் மேசைக்கு அடியில் இரண்டையும் நைசாகக் கழற்றிவிட்டு "ஹப்பா" என்று ஒரு பெருமூச்சு விடுவார். அதற்காகவே தரைவரை தொங்கும் பச்சை மேசைவிரிப்பு ஒன்றைத் தீர்மானம் போட்டு வாங்கியிருந்தார்கள். யாரும் குனிந்து பார்ப்பதில்லை. அந்த ஊரில் அப்படி ஒன்றைப் பார்த்துவிட்டால், பார்த்ததற்கு ஏதாவது செய்தாக வேண்டும்.

இப்படி நிம்மதியாகப் போய்க்கொண்டிருந்த மன்றத்துக்கு ஒரு சோதனை வந்தது. ஐரோப்பிய நாடொன்றின் பண்பாட்டுத் தூதர் திருமதி லோமான் வந்து, தங்கள் நாட்டின் புகழ்பெற்ற பழைய வரலாற்று நாடகம் ஒன்றை ட்வி மொழியில் மேடையேற்ற வேண்டும், செலவை நாங்கள் ஏற்கிறோம் என்றார். அல்டெமார் என்ற அரசனின் கதை. வரிபோட்டே ஊரைச் சாறு பிழிந்தவன். கடைசியில் அவனுடைய பிரபுக்களே அவனை இறக்குகிறார்கள்.

உறுப்பினர்கள் ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள். ட்வி எல்லோருக்கும் தாய்மொழி. அதில் ஒரு பக்கம் எழுதத்தான் ஒருவருக்கும் வராது. துணை இயக்குநர் அசாரே மெல்லக் கனைத்தார். "ரேடியோவுல ஃபுட்பால் வர்ணனை சொல்றானே, ஓதெங். அவனைக் கூப்பிடலாம் டாக்டர். நம்ம பேரைப் போட்டுக்கலாம்."

ஓதெங் மைக்கைப் பிடித்தால் ட்ரோட்ரோ வேனில் போகிறவர்கள் இறங்க வேண்டிய இடத்தில் இறங்க மாட்டார்கள். அவ்வளவு புகழ் இருந்தும் அவனுக்கு உள்ளுக்குள் ஒரு குறை. இத்தனை வருடமும் அடுத்தவன் உதைத்த பந்துக்கு வாய் கொடுத்தே காலம் போய்விட்டது, தானாக ஒன்றும் சொல்லவில்லை. அதனால் கூப்பிட்டதும் போனான். ரேடியோ வேலையை விட்டுவிட்டு வர வேண்டும் என்றார்கள். விட்டான்.

அவன் மனைவி அஃபியாவுக்குக் கெஜெட்டியா சந்தையில் வாச்சேக் கடை. சோற்றையும் பயறையும் கிளறிக்கொண்டே கேட்டாள். "எந்த ஊரு ராஜாய்யா இவன்?"

"ஐரோப்பா. நானூறு ஐந்நூறு வருசம் இருக்கும்."

"அவ்வளவு நாளைக்கு முந்திச் செத்தவனுக்கு இப்ப நீ வேலையை விட்டியா? நல்லாத்தான் இருக்கு உன் புத்தி. சரி, எப்படி எறக்கினாங்களாம்?"

"கிரீடத்தைக் கழட்டிக் குடுத்துடறான்."

அஃபியா கரண்டியை நிறுத்தினாள். "அவ்வளவுதானா? தொப்பியைக் கழட்டினா போச்சா? அடுத்த நிமிசமே எடுத்து மாட்டிக்குவானே!"

ஓதெங்கும் அங்கேதான் நாட்கணக்கில் முட்டிக்கொண்டு நின்றான். கிரீடம் என்றால் குமாசிக்காரனுக்கு ஒன்றும் தோன்றாது. இங்கே தலைவனை இறக்க ஒரே வழிதான். அவன் காலிலிருந்து செருப்பை உருவ வேண்டும். வெறுங்கால் மண்ணில் பட்டால் தீர்ந்தது கதை. அப்புறம் அவன் யாரோ, நாம் யாரோ. அன்று மதியமே கடையின் பின்பக்கம் உட்கார்ந்து அந்தக் காட்சியை எழுதினான். எழுதி முடித்ததும் அஃபியாவுக்கு வாய்விட்டுப் படித்துக் காட்டினான். பிரபுக்கள் அல்டெமாரின் செருப்பைக் கழற்றுகிறார்கள். அரசன் முதன்முறையாகத் தரையில் நிற்கிறான்.

"மண்ணு சுடுது."

"எங்களுக்கு எப்பவும் சுட்டுக்கிட்டுத்தான் இருந்துச்சு. நட."

அடுப்பில் சோறு அடிபிடித்ததை அஃபியா கவனிக்கவில்லை. பக்கத்துக் கடை மீன்காரிதான் மூக்கைச் சிந்திக்கொண்டு, "இன்னொரு தடவை சொல்லுய்யா" என்றாள். சொன்னான். தக்காளிக்காரிகள் வந்தார்கள், சுமைதூக்கிகள் வந்தார்கள். மறுநாள் இடவாடகை வசூலிக்க நகராட்சி ஆள் வந்தபோது, வெயிலில் வியர்வையைத் துடைத்தவனைப் பார்த்து ஒரு வெங்காயக்காரி, "என்ன தம்பி, மண்ணு சுடுதா?" என்று கேட்டாள். சந்தையே சிரித்தது. நாடகம் எப்போது, அந்தக் காட்சி எப்போது என்று எல்லோரும் ஓதெங்கைத் துளைத்தெடுக்கத் தொடங்கினார்கள். அவன் வாக்குக் கொடுத்தான். வாழ்க்கையில் அவன் சொந்தமாகச் செய்த ஒரே காரியம் அந்தக் காட்சிதான். அது மேடையில் ஒலித்துவிட்டால் போதும் என்று இருந்தது.

பிறகு உயர்மன்றம் அதைக் கையில் எடுத்தது.

முதலில் பனி வந்தது. மூன்றாம் அங்கத்தில் படைவீரர்கள் பனியில் விறைத்துச் சாகிறார்கள். பனியைக் கண்ணால் பார்க்காமல் மொழிபெயர்ப்பது பொறுப்பற்ற செயல் என்று டாக்டர் டான்சோ கருதினார். பனித் துணைக்குழு அமைக்கப்பட்டு, அவர் தலைமையிலேயே ஐரோப்பா போனது. போனது ஜூலை மாதம். திரும்பி வந்து, "பனி தற்சமயம் கையிருப்பில் இல்லை" என்று அறிக்கை கொடுத்தார்கள். கூடவே நடிகர்களுக்குக் கனத்த மென்மயிர் அங்கிகள் கொண்டுவந்தார்கள். அல்டெமாராக நடிக்க வந்தவன் நிமோ என்ற பழைய ஊர்சுற்றி நாடகக்காரன்; ஒத்திகையில் அங்கியைப் போட்டுக்கொண்டு இரண்டாவது வசனத்திலேயே மயங்கி விழுந்தான். "பார்த்தீங்களா, எவ்வளவு இயல்பா விழறான்!" என்று திருமதி லோமான் கைதட்டினார்.

அடுத்தது அல்டெமாருக்கு முந்திய பழைய அரசனின் சாவு. அரசர் செத்தார் என்று குமாசியில் சொல்ல மாட்டார்கள், ஊருக்குப் போயிருக்கிறார் என்பார்கள். ஓதெங் அப்படித்தான் எழுதியிருந்தான். ஆங்கிலத்தில் யாரோ விளக்கியதைக் கேட்ட திருமதி லோமான், அந்த ஊர்க் காட்சியையும் காட்ட வேண்டும் என்று அடம்பிடித்தார். ஆடுகள் வேண்டும், மத்தளம் வேண்டும். ஊருக்குப் போனார் என்றால் அரசர் செத்தார் என்று அர்த்தம் என அம்மையாருக்கு எடுத்துச் சொல்ல யாருக்கும் துணிவில்லை, செலவு அவருடையது. ஆகவே செத்துப்போன அந்தப் பழைய அரசன் ஆடுகளுக்கு நடுவே ஆடிப்பாடும் காட்சி ஒருமனதாக நிறைவேறியது.

மூன்றாவதாக மொழி. டாக்டர் டான்சோ கையெழுத்துப் பிரதியை இரண்டு விரலால் தூக்கிப் பிடித்தார். "ஓதெங், இதைப் படிச்சேன். எனக்குப் புரிஞ்சது."

"நன்றி ஐயா."

"நன்றியா? கேட்ட உடனே புரிஞ்சா அது எப்படிய்யா இலக்கியம்? மக்கள்கிட்ட மரியாதை வேணும். மரியாதை எப்ப வரும்? ஒண்ணும் புரியாதப்ப வரும். நான் இத்தனை வருசமா இந்த நாற்காலில எப்படி இருக்கேன்னு நினைக்கிற?"

கண்ணியக் குழு உட்கார்ந்து, புரிகிற சொற்களை ஒவ்வொன்றாகக் களைந்தது. அந்த இடத்தில் எந்தக் கிழவனுக்கும் நினைவில்லாத சொற்களை வைத்தது. சில சொற்களைக் குழுவே உண்டாக்கியது. கடைசியில் ட்வி பேசும் நடிகர்களுக்கே ட்வி புரியவில்லை. இதை உணர்ந்த மன்றம் உடனே செயல்பட்டது. மேடையில் பேசுவதை மக்களுக்குச் சாதாரண ட்வியில் சொல்ல ஒலிபெருக்கியோடு ஒரு மொழிபெயர்ப்பாளர் தேவை என்று தீர்மானம் போட்டு, அந்த வேலைக்கு ஓதெங்கையே நியமித்தது. அவனுடைய மொழிபெயர்ப்பை அவனே மொழிபெயர்க்க வேண்டும். ஓதெங்குக்குச் சிரிப்பதா தலையில் அடித்துக்கொள்வதா என்று தெரியவில்லை. இதெல்லாம் போகட்டும், அந்தக் காட்சி இருக்கிறதே என்று பல்லைக் கடித்துக்கொண்டான்.

அதுவும் கடைசிக் கூட்டத்தில் போயிற்று. ஜின் ஊற்றி, கை கொடுத்து, 'ஹப்பா' கேட்டு முடிந்ததும் டாக்டர் டான்சோ தொண்டையைச் செருமினார். "இந்தக் கடைசிக் காட்சி. பதவியில இருக்கிறவரை எறக்குறது. இது ஐரோப்பியப் பழக்கம். நம்ம பண்பாட்டுல திணிக்கக் கூடாது."

"நம்ம பண்பாட்டுலதான் ஐயா செருப்பைக் கழட்டி…"

"அது பழமை. பழமையைக் காட்டிக்கிட்டே இருந்தா வளர்ச்சி எப்படி வரும்?"

"ஆனா ஐயா, நிசமாவே அந்த ராஜாவை எறக்கினாங்களே. வரலாறு அது."

"வரலாறுன்னா என்ன, மலையா? மூணுல ரெண்டு பங்கு வாக்கு இருந்தா எதையும் திருத்தலாம். அல்டெமார் பதவியில நீடிக்கணும்னு நினைக்கிறவங்க கை தூக்குங்க."

எல்லாக் கையும் உயர்ந்தது. ஒரு கையில் கோழிக்கால் இருந்தது, அதையும் எண்ணிக்கொண்டார்கள். நானூறு வருடத்துக்கு மேல் இறங்கிக் கிடந்த அரசன் இவ்வாறு குமாசியில் மீண்டும் பதவியேற்றான். புது முடிவு இதுதான்: அரசருக்கு உடம்பு சரியில்லை, அவர் குணமாகும்வரை மூத்த மதியுரைஞர் ஒருவர் ஆசனத்தில் தற்காலிகமாக அமர்ந்து, தலைமை மாறக் கூடாததன் அவசியம் பற்றி மக்களுக்கு எடுத்துரைக்கிறார். மதியுரைஞராக நடிக்கத் தகுதியான ஆள் கிடைக்காததால் டாக்டர் டான்சோ கனத்த மனதோடு ஒப்புக்கொண்டார்.

வெளியே வந்ததும் அசாரே ஓதெங்கின் தோளில் கைபோட்டார். "தம்பி, மைக் உன் கையில இருக்கும். வெட்டின வசனத்துல ஒரு வார்த்தை வாயிலேர்ந்து வந்துச்சுன்னு வை, இந்த வட்டாரத்துல அப்புறம் நீ மைக்கைத் தொட முடியாது. ரேடியோ நிலையமே டாக்டரோட மச்சானுதுதான், தெரியுமில்ல?"

"அப்ப மக்கள்கிட்ட நான் குடுத்த வாக்கு?"

"மக்களா? அவங்க மறந்துடுவாங்க. நான் எவ்வளவோ பார்த்தாச்சு."

அரங்கேற்றம் ஒரு மதிய வேளையில், மன்றத்தின் திறந்தவெளி சிமெண்டு மேடையில். மாலையில் அமைச்சருக்கு வேறு விழா இருந்தது. வெயில் மண்டையைப் பிளந்தது. கெஜெட்டியா சந்தை பாதிக் கடையைச் சாத்திவிட்டு வந்திருந்தது. முன்வரிசைக்குப் பின்னால் மீன்காரி, வெங்காயக்காரி, நடுவில் அஃபியா. அமைச்சர், திருமதி லோமான், அசாரே எல்லோரும் பந்தலின் கீழ். சகல மரியாதைகளும் செலுத்தப்பட்டு முடிவதற்குள் கூட்டம் இரண்டு முறை தண்ணீர் வாங்கிக் குடித்தது.

நாடகம் நடந்தது. நிமோ மென்மயிருக்குள் வெந்துகொண்டே தனக்குப் புரியாததைப் பேசினான். ஓதெங் ஓரத்தில் நின்று, "சாப்பாடு எங்கேன்னு கேக்குறாரு", "குதிரை செத்துப்போச்சுங்கறாரு" என்று சொல்லிக்கொண்டிருந்தான். வாய் சொன்னதே தவிர மனம் இல்லை. அஃபியா பக்கம் அவன் திரும்பவே இல்லை. எந்த முகத்தோடு திரும்புவான்? ஆடுகள் வந்தன, ஒன்று அமைச்சரின் மாலையைத் தின்றது. அல்டெமார் உடல்நலமின்றி உள்ளே போனார்.

டாக்டர் டான்சோ வந்தார். தோளில் பட்டுத் துணி, தலைக்குமேல் இரண்டு பேர் பிடித்த பெரிய சிவப்புக் குடை, காலில் கூர்மூக்கு ஷூ. ஆசனத்தில் உட்கார்ந்து துணியைத் தரைவரை பரப்பிக்கொண்டார். துணிக்கு அடியில் கால்கள் அசைந்தன. பிறகு மேடையின் ஒலிபெருக்கி வழியாக மைதானம் முழுக்கக் கேட்டது.

"ஹப்பா."

பந்தலில் இருந்த உறுப்பினர்கள் எல்லோரும் ஒரே நேரத்தில் வேறுபக்கம் பார்த்தார்கள்.

டாக்டர் பேசினார். பேசினார், பேசிக்கொண்டே இருந்தார். எழுதியிருந்த பழஞ்சொல்லெல்லாம் தீர்ந்ததும் சொந்த வார்த்தைக்கு வந்தார். "தலைவன் மாறினா என்ன ஆகும்? புதுசா வர்றவன் எல்லாத்தையும் புதுசாத் திருடணும். இருக்கிறவனுக்கு வயிறு நிறைஞ்சிருக்கு. யோசிச்சுப் பாருங்க!" அமைச்சர் யோசிக்காமலே கைதட்டினார். அந்தச் சத்தத்தில் சூடேறிய டாக்டர் டான்சோ சடாரென்று எழுந்தார். இரண்டு கையையும் விரித்தபடி குடை நிழலைவிட்டு மேடையின் முனைக்கு நடந்துவந்தார். "இந்த ஆசனத்துல நான் இருக்கேன். நான் எங்கயும் போகமாட்டேன்!"

மத்தளக்காரனின் கை அந்தரத்தில் நின்றது. அத்தனை கண்களும் டாக்டரின் முகத்தைவிட்டு மெல்லக் கீழே இறங்கின. வீங்கிய, வெளுத்த, மேசைவிரிப்பைத் தவிர யாரும் பார்த்திராத இரண்டு வெறுங்கால்கள் வெயிலில் நின்றன.

அசாரே பந்தலிலிருந்து ஓதெங்குக்கு ஜாடை காட்டினார், எதையாவது சொல்லிச் சமாளி என்று. ஓதெங்கின் கையில் தீர்மானத்தின்படி எழுதிய முடிவு இருந்தது. 'தலைவர் நீடிக்கிறார், மக்கள் மகிழ்கிறார்கள்.' அதைப் படித்தால் போதும், வேலை தப்பும். அவன் கூட்டத்தைப் பார்த்தான். அஃபியா இடுப்பில் கையை வைத்து, கண் கொட்டாமல் அவனையே பார்த்துக்கொண்டிருந்தாள். அவனுக்குத் தெரிந்த தொழில் ஒன்றுதான். கண்முன்னால் நடப்பதைச் சொல்வது. மைக்கை வாயருகே கொண்டுவந்தான்.

"கால்… தரையில! வெறுங்கால் தரையில பட்டாச்சுங்கோ!"

சனிக்கிழமை மாலைகளில் ஊரைக் கட்டிப்போடும் அதே குரல். மைதானம் அதிர்ந்தது. அப்போதுதான் சிமெண்டின் சூடு டாக்டர் டான்சோவின் மூளைக்கு எட்டியது. ஒற்றைக் காலைத் தூக்கினார், மறுகாலைத் தூக்கினார்.

"ஐயய்யோ, சுடுதே!"

ஒரு நொடிதான். சந்தை முழுவதும் ஒரே குரலில் எழுந்தது.

"எங்களுக்கு எப்பவும் சுட்டுக்கிட்டுத்தான் இருந்துச்சு!"

யாரும் சொல்லாமலே பிரபுக்களாக நடித்த நால்வரும் மேடைக்கு வந்தார்கள். வெட்டுவதற்கு முன்பு பாடம் பண்ணியிருந்த வசனம், புரிந்து பாடம் பண்ணியதால் மறக்கவில்லை. நிமோ மென்மயிரைக் கழற்றி எறிந்துவிட்டு வந்து அவர்களோடு நின்றான். "நட" என்றான்.

"யோவ், யாரும் என் செருப்பை உருவல! நானாத்தான் கழட்டினேன்!" என்று டாக்டர் குதித்துக்கொண்டே கத்தினார்.

"அப்ப எங்களுக்கு வேலை மிச்சம்" என்றாள் அஃபியா. ஓதெங் அதையும் ஒலிபெருக்கியில் சொன்னான்.

அமைச்சர் எழுந்தார். கூட்டத்தை ஒருமுறை எண்ணுவதுபோல் பார்த்தார். "பாரம்பரிய விஷயங்கள்ல அரசாங்கம் ஒருபோதும் தலையிடாது" என்று அறிவித்துவிட்டுக் காரைப் பார்த்து நடந்தார். திருமதி லோமான் கண்ணைத் துடைத்துக்கொண்டு, இவ்வளவு உண்மையான நடிப்பைத் தம் நாட்டிலேயே பார்த்ததில்லை என்றார். மேடையின் ஓரத்தில் ஓதெங் மைக்கை அணைத்தான். தன் வார்த்தையை ஊரே சொல்லக் கேட்டுவிட்டான். இனி என்ன வந்தாலும் வரட்டும்.

அடுத்த கூட்டத்துக்கு டாக்டர் டான்சோ வழக்கம்போல வந்தார். புரளிக்கெல்லாம் அஞ்சுகிற ஆள் இல்லை. ஜின் ஊற்றினார்கள். உறுப்பினர்கள் வலப்பக்கத்திலிருந்து கைகொடுத்து வந்தார்கள். அவருக்கு முன்னால் இருந்தவருக்குக் கொடுத்தார்கள், அடுத்து இருந்தவருக்குக் கொடுத்தார்கள். நடுவில் அவருடைய கை நீண்டபடியே இருந்தது. தாமதமாக வந்தவரும் அப்படியே செய்தார். டாக்டர் டான்சோ நீட்டிய கையை மடக்கினார், பிறகு எழுந்து ஷூவை மாட்டிக்கொண்டு போனார். பதின்மூன்றாவது அம்சத்துக்குக்கூட நிற்கவில்லை.

அசாரே தற்காலிகப் பொறுப்பேற்றார். முதல் வேலையாக ஓதெங்கைக் கூப்பிட்டனுப்பினார். ரேடியோவில் அவனைச் சேர்க்கக் கூடாது என்ற உத்தரவு ஏற்கெனவே போய்விட்டது; வர்ணனையை அவன் இப்போது வாச்சேக் கடையில் அடுப்புக்குப் பக்கத்தில் நின்று இலவசமாகச் சொல்லிக்கொண்டிருந்தான். கேட்க வருகிறவர்களால் வியாபாரம் பெருகியதால் அஃபியா வாயை மூடிக்கொண்டு பொறுத்துக்கொண்டாள்.

"வா ஓதெங், வா. என்ன ஒரு எழுத்து! நான் அன்னைக்கே சொன்னேன், மக்கள் மறக்க மாட்டாங்கன்னு," என்றார் அசாரே. "அந்தக் காட்சி நம்ம மன்றத்தோட பெருமை. அதனால இனிமே அதை எங்கயும் யாரும் நடிக்கக் கூடாதுன்னு ஒரு தீர்மானம். பெருமையைப் பத்திரமா வைக்கணுமில்லையா? நீயும் இங்க இருந்து ஒரு வார்த்தை சம்மதம் சொல்லிட்டுப் போயிடு."

அவர் காலில் புதிய கூர்மூக்கு ஷூ இருந்ததை ஓதெங் உள்ளே வரும்போதே பார்த்திருந்தான். உறுப்பினர்கள் அமர்ந்தார்கள். பச்சை மேசைவிரிப்பைப் புதிதாகத் துவைத்துப் போட்டிருந்தார்கள். கை கொடுத்து முடிந்தது. அசாரே தொண்டையைச் செருமினார். மேசைக்கு அடியில் ஏதோ லேசாக உரசியது.

"ஹப்பா."

எல்லோரும் கூரையைப் பார்த்தார்கள். ஓதெங் மட்டும் குனிந்து மேசைவிரிப்பின் நுனியைப் பிடித்துத் தூக்கினான்.